பாதை போட்டால் போதுமா? பாக்கெட்டைத் திருப்புவது யார்?

வங்கிப் பரிமாற்றம், வீடியோ அழைப்பு, நள்ளிரவில் ஓடும் பேக்கப் எல்லாமே ஒரே கேபிளில் முண்டியடித்துக்கொண்டு போவது தொலைத்தொடர்பு நெட்வொர்க்குகளில் வழக்கம். செலவு குறைந்த பாதை எதுவோ அதில் அனுப்புவதுதான் ரூட்டருக்குத் தெரிந்த கணக்கு. அந்தப் பாதை நெரிந்து, பக்கத்துப் பாதை காலியாகக் கிடந்தாலும் தானாக மாற்றி அனுப்பாது. இந்தச் சிக்கலுக்கு இன்று பரவலாகக் கையாளப்படும் தீர்வு செக்மென்ட் ரூட்டிங்.

பாக்கெட்டே சுமக்கும் வழி

எம்.பி.எல்.எஸ். நெட்வொர்க்கில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் லேபிள் ஒட்டப்படும். அதற்கான இடம் 32 பிட். அதில் லேபிள் எண்ணுக்கு 20 பிட். நடுவழி ரூட்டர்கள் ஐ.பி. முகவரியைத் தேடாமல், இந்த எண்ணை மட்டும் பார்த்து பாக்கெட்டை அனுப்பிவிடும்.

நாம் விரும்பும் பாதையில் அனுப்ப, முன்பு ஆர்.எஸ்.வி.பி.-டி.இ. என்ற முறை இருந்தது; இன்றும் இருக்கிறது. இதில் டன்னல் எனப்படும் ஒவ்வொரு பாதையையும் வழியிலுள்ள எல்லா ரூட்டர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 100 ரூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க, திசைக்கு ஒன்றாக 9,900 டன்னல்கள் தேவை. நெட்வொர்க் வளர வளர இந்தச் சுமையும் ஏறும்.

இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 8402, செக்மென்ட் ரூட்டிங்கின் அடிப்படையை வரையறுத்தது. இதில் பாதை விவரத்தை நடு ரூட்டர்கள் வைத்திருக்கத் தேவையில்லை. நுழைவாயிலில் இருக்கும் ரூட்டர் லேபிள்களை அடுக்கி ஒட்டிவிடும். பாக்கெட் தன் வழியைத் தானே சுமந்து போகும்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னையிலிருந்து மும்பைக்கு வழக்கமான பாதை பெங்களூரு வழியாக என்று வைத்துக்கொள்வோம். ஹைதராபாத் ரூட்டரின் லேபிள் 16012, மும்பையினுடையது 16040. சென்னை ரூட்டர் இந்த இரண்டையும் இதே வரிசையில் ஒட்டினால் பாக்கெட் முதலில் ஹைதராபாத்துக்குப் போகும். அதோடு மேல் லேபிளின் வேலை முடிந்து கழன்றுவிட, அடுத்த லேபிள் மும்பைக்குக் கொண்டுசேர்க்கும்.

இப்படிப்பட்ட பாதையை ஒரு பெயரின் கீழ் கட்டிவைப்பதுதான் செக்மென்ட் ரூட்டிங் பாலிசி, சுருக்கமாக எஸ்.ஆர். பாலிசி. நுழைவாயில் ரூட்டர், கலர், போய்ச் சேரும் ரூட்டர் ஆகிய மூன்றும்தான் அதன் அடையாளம் என்கிறது 2022-ல் வந்த ஆர்.எஃப்.சி. 9256. இங்கே கலர் என்பது 32 பிட் எண். 'தாமதம் குறைவு', 'செலவு குறைவு' என ஒவ்வொரு நோக்கத்துக்கும் நிறுவனமே ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும்.

மூன்று வழிகள்

ஆனால் பாலிசியை எழுதிவைத்ததால் மட்டும் ஒரு பாக்கெட்கூட அதற்குள் போய்விடாது. எந்த டிராஃபிக் அதில் ஏற வேண்டும் என்று ரூட்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

முதல் வழி, கலரைப் பொருத்துவது. மும்பை ரூட்டர் ஒரு வாடிக்கையாளரின் முகவரித் தொகுதியை, ரூட்டர்கள் வழித்தகவலைப் பகிரும் பி.ஜி.பி. நெறிமுறை மூலம் அறிவிக்கும்போது, கூடவே 100 என்ற கலரையும் இணைத்து அனுப்புகிறது. சென்னையில் 'கலர் 100, மும்பை' என்ற பாலிசி இருந்தால், அந்த வாடிக்கையாளரின் டிராஃபிக் தானாகவே அதில் ஏறிவிடும். வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் சென்னையில் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது, டிராஃபிக்கின் வகையைப் பார்ப்பது. ஒரே அலுவலகத்துக்குப் போகும் குரல் அழைப்பும் பேக்கப்பும் ஒரே பாதையில் போக வேண்டியதில்லை. ஐ.பி. தலைப்பில் 6 பிட் டி.எஸ்.சி.பி. குறி இருக்கிறது, குரலுக்கு வழக்கமாக 46. அதைப் படித்து, குரலை ஒரு பாலிசிக்கும் மற்றதை இன்னொன்றுக்கும் பிரிக்கலாம்.

மூன்றாவது, பைண்டிங் எஸ்.ஐ.டி. (செக்மென்ட் அடையாள எண்). ஒரு பாலிசி முழுவதற்கும் ஒரே லேபிள். அந்த லேபிளோடு பாக்கெட் வந்தால், ரூட்டர் அதைக் கழற்றிவிட்டு பாலிசியின் முழு அடுக்கையும் ஒட்டும். வெளியிலிருந்து அனுப்புபவருக்கு உள்ளே என்ன பாதை என்று தெரிய வேண்டியதில்லை. பாதை மாறினாலும் லேபிளை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பாதை அறுந்தால்?

ஒரு பாலிசிக்குப் பல மாற்றுப் பாதைகளைக் கொடுத்துவைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. செல்லுபடியாகும் பாதைகளில் எண் பெரிதாக உள்ளது வேலை செய்யும். எல்லாமே விழுந்துவிட்டால், கலர் மூலம் ஏறிய டிராஃபிக் பொதுவாக வழக்கமான செலவு குறைந்த பாதைக்கே திரும்பும். பெரும்பாலான சேவைகளுக்கு இது நல்லது. குறிப்பிட்ட நகரம் வழியாகவோ கேபிள் வழியாகவோ போகவே கூடாது என்று ஒப்பந்தம் செய்த வாடிக்கையாளருக்கு இது மீறல். அதற்காகவே, பாதை இல்லையென்றால் பாக்கெட்டைக் கைவிடும் ஏற்பாடும் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு லேபிளும் பாக்கெட்டில் 4 பைட் கூட்டும். எத்தனை லேபிள்களை ஒட்ட முடியும் என்பதற்கு ரூட்டரின் வன்பொருளில் வரம்பு இருக்கிறது. நடு ரூட்டர்கள் பாதை விவரத்தை நினைவில் வைக்காததால், அங்கே அலைவரிசையை முன்பதிவு செய்யவும் முடியாது. எந்தக் கேபிளில் எவ்வளவு இடம் மிச்சம் என்ற கணக்கைத் தனியாக ஒரு கன்ட்ரோலர்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே எல்லா டிராஃபிக்கையும் பாலிசிக்குள் தள்ளுவது வீண் வேலை. தாமதத்தைத் தாங்காதது, பாதை மாறக் கூடாதது என்று தேவை தெளிவாக உள்ளவற்றை மட்டும் திருப்பினால் போதும். பாதை அறுந்தால் அந்த டிராஃபிக் எங்கே போக வேண்டும் என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.