லேப்டாப் ஓடுகிறது, மோட்டார் ஏன் திணறுகிறது?

அமெரிக்காவிலிருந்து சென்னை திரும்பிய நண்பரின் பட்டறையில் டிரில்லிங் மெஷினைப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் போட்டும் மோட்டார் திணறிச் சூடானது. அங்கே வாங்கிய லேப்டாப்போ நன்றாக ஓடுகிறது. ஏன்?

லேப்டாப் அடாப்டர் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றிவிடும். அதனால் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் எதுவானாலும் ஏற்கும். இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அமெரிக்காவில் 60, இங்கே 50. டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே நிமிடத்துக்குச் சுமார் 1725 சுற்று சுற்றிய மோட்டார் 1425-க்கு இறங்கும். சக்தி ஆறில் ஒரு பங்கு குறையும். அதிகக் கரண்ட் இழுத்து காயிலும் கருகலாம்.

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை மாற்றிவிடுவதே வழி. கார்பன் பிரஷ் உள்ள சாதாரணக் கை டிரில்லுக்கு, வாட்ஸ் போதுமான டிரான்ஸ்பார்மர் இருந்தால் சரி.

வெளிநாட்டுச் சாதனம் எதுவானாலும், பிளக்கைச் சொருகும் முன் லேபிளில் வோல்ட்டோடு ஹெர்ட்ஸையும் பாருங்கள்.