சாரணர் உறுதிமொழியில் யாருக்கு இடம்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் தியாகதுருகத்தில் உள்ள பள்ளியாயினும் சென்னையின் நடுவே உள்ள பள்ளியாயினும், சாரணர் இயக்கத்தில் சேரும் மாணவர் முறையான உறுப்பினராவது பதிவேட்டில் பெயர் ஏறும் நாளிலோ சீருடை தைத்து வரும் நாளிலோ அன்று. சின்னம் சூட்டும் விழாவில் சுண்டு விரலைக் கட்டை விரலால் மடக்கிப் பிடித்து, மற்ற மூன்று விரல்களையும் நிமிர்த்தி உறுதிமொழி கூறும்போதே அவர் சாரணர் ஆகிறார். கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுவது, பிறருக்கு உதவுவது, சாரணர் விதிகளுக்குக் கீழ்ப்படிவது என்னும் உறுதிமொழியின் மூன்று பகுதிகளை அந்த மூன்று விரல்கள் குறிக்கின்றன. கடவுளை நம்பாத சிறுவர் இதில் சேரலாமா, எத்தகைய ஒழுக்கம் உறுப்பினருக்குரிய தகுதியாகும், அத்தகுதியை வரையறுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என உலகெங்கும் இவ்வியக்கத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சைகளில் பல, சில நொடிகளில் சொல்லி முடிக்கப்படும் இந்த உறுதிமொழியிலிருந்தே கிளைத்தவை.

நிறத்தால் அடைபட்ட வாசல்

ஆங்கிலேயப் படைத் தளபதியாக இருந்த பேடன் பவல் 1907ஆம் ஆண்டு பிரவுன்சீ தீவில் 20 சிறுவர்களைக் கொண்டு நடத்திய சோதனை முகாமும், மறு ஆண்டு அவர் வெளியிட்ட கையேடும் சாரணர் இயக்கத்துக்குத் தொடக்கமாக அமைந்தன. இந்தியாவில் 1909ஆம் ஆண்டு பெங்களூரில் கேப்டன் பேக்கர் முதல் படையை அமைத்தார். ஆனால் அப்படையிலும் அதைத் தொடர்ந்து உருவான படைகளிலும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே இடமிருந்தது. வரைபடம் பார்க்கவும், தடம் அறியவும், அணிவகுத்து நடக்கவும் இந்தியச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் அந்தப் பயிற்சி நாளை ஆட்சிக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்ற அச்சம் காலனி அரசுக்கு இருந்தது. ஆக, இந்த மண்ணில் உறுப்பினர் தகுதி பற்றிய முதல் வழக்கு கடவுளைப் பற்றியதன்று, நிறத்தையும் ஆட்சியையும் பற்றியது.

அடைபட்ட வாசலுக்கு வெளியே இந்தியர்கள் தமக்கெனச் சாரணர் அமைப்புகளை உருவாக்கிக்கொண்டனர். சென்னை அடையாற்றை மையமாகக் கொண்டு அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேலின் துணையோடு தொடங்கிய இந்தியச் சாரணர் சங்கம், ஐரோப்பியத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகையை ஏற்றது. வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை வளர்த்தெடுத்தனர். 1921ஆம் ஆண்டு பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் அதிகாரபூர்வ அமைப்புடன் இணைந்தது. சேவா சமிதியோ தனித்தே நின்றது. 1937ஆம் ஆண்டு டில்லியில் நடந்த பெருந்திரளணியின்போது இந்தியர்களின் குணநலன் குறித்துப் பேடன் பவல் தெரிவித்த கருத்து பலத்த கண்டனத்துக்கு உள்ளாக, அடுத்த ஆண்டிலேயே இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவெடுத்தது. ஒழுக்கத்தைக் கற்பிக்க வந்த இயக்கம், யாருடைய ஒழுக்கத்தை யார் அளப்பது என்ற கேள்வியில் இவ்வாறு இரண்டுபட்டது.

விடுதலைக்குப் பின் கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் உள்ளிட்டோரின் முயற்சியால் இந்தச் சங்கங்கள் ஒன்றிணைந்து, 1950ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பெண்களுக்கான சாரணியர் சங்கமும் அதில் இணைந்தது. ஆண், பெண் இருபாலரும் தனித்தனிப் படைகளாக இயங்கினும் ஒரே அமைப்பின் கீழ் வரும் ஏற்பாடு இதனால் இங்கு முன்னமே அமைந்துவிட்டது. சிறுவயதினருக்கான குருளையர், நீலப் பறவையர் பிரிவுகளும், இளைஞர்களுக்கான திரிசாரணர், திரிசாரணியர் பிரிவுகளும் அதே அமைப்பின் கிளைகளே.

கடவுள் அல்லது தர்மம்

குடியரசான நாட்டின் உறுதிமொழியில் அரசருக்கு இடமில்லாமல் போயிற்று, கடவுள் நிலைத்தார். எனினும் விரும்புவோர் ‘கடவுள்’ என்பதற்குப் பதிலாகத் ‘தர்மம்’ என்று கூறலாம் என இயக்கத்தின் விதிகள் இடமளிக்கின்றன. உலகைப் படைத்த ஒரு கடவுளை ஏற்காத சமணமும் பௌத்தமும் தோன்றிய நாட்டில் இது பொருத்தமான ஏற்பாடே. முகாம்களில் நடைபெறும் சர்வ சமயப் பிரார்த்தனையும் இதே எண்ணத்தின் விளைவுதான்: மாணவர்கள் தரையில் வரிசையாக அமர்ந்திருக்க, ஒவ்வொரு சமயத்தின் மறைநூலிலிருந்தும் ஒரு பகுதியோ பாடலோ அடுத்தடுத்து ஒலிக்கும், இடையே அனைவரும் சிறிது நேரம் மௌனமாக இருப்பர், ஒரு சமயத்தவர் பாடும்போது மற்றவர்கள் அமைதி காப்பதே அந்தப் பிரார்த்தனை கற்பிக்கும் முதன்மையான பாடம். சமயங்களைக் கூட்டத்திலிருந்து விலக்கி வைக்காமல், எல்லாச் சமயங்களையும் ஒரே வட்டத்தில் அமர்த்தும் இந்திய மதச்சார்பின்மையின் இயல்பை இங்கே தெளிவாகக் காணலாம்.

ஆனால் இந்த வட்டத்துக்குள் அடங்காத ஒரு தரப்பு தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தின் வழிவந்த குடும்பங்களில், கடவுள் மறுப்பு என்பது நம்பிக்கைக் குறைவாக அன்றி ஓர் அறநிலையாகவே கருதப்படுகிறது. அக்குடும்பத்துச் சிறுவருக்குக் ‘கடவுள்’ ஏற்புடையதன்று. வருணாசிரமத்தோடு பிணைந்த சொல்லாக அவர்கள் காணும் ‘தர்மமும்’ அதே அளவுக்கு ஏற்புடையதன்று. இயக்கத்தின் பொதுப் பிரார்த்தனைப் பாடல் இந்தியில் அமைந்து பரமாத்மாவை நோக்கிப் பாடப்படுவதால், மொழி வழியாகவும் ஒரு விலகல் ஏற்படக்கூடும். சட்டமன்றத்தில் பதவியேற்போருக்குக் கடவுளின் பெயரால் ஆணையிடவும், அவ்வாறின்றி உளமார உறுதிகூறவும் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரு வழிகளைத் தந்திருக்கிறது. அமைச்சருக்குக் கிடைக்கும் அந்தத் தெரிவு ஆறாம் வகுப்பு மாணவருக்குக் கிடைக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் இதற்குரிய வழிகாட்டல் இல்லாமல் இல்லை. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும் அவரது இசைவின்றி, சிறாராயின் பாதுகாவலரின் இசைவின்றி, சமய வழிபாட்டில் பங்கேற்கச் செய்யலாகாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் கூறு கூறுகிறது. 1985ஆம் ஆண்டு கேரளத்தில், தம் சமய நம்பிக்கையின் காரணமாக நாட்டுப்பண்ணைப் பாடாமல், ஆனால் அது பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்ற யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி வழங்கிய தீர்ப்பு அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டது. மரியாதையான மௌனம் அவமதிப்பாகாது என்னும் அந்தத் தீர்ப்பின் சாரம், பிரார்த்தனை வட்டத்தில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் மாணவருக்கும் பொருந்தக்கூடியதே.

பிற நாடுகள் கண்ட வழி

1977ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட உலகச் சாரணர் அமைப்பின் சாசனம், இனம், பிறப்பிடம், சமயம் என்ற வேறுபாடின்றி இயக்கம் எல்லோருக்கும் திறந்திருப்பதாக அறிவிக்கும் அதே வேளையில், கடவுளுக்கான கடமையை அதன் கோட்பாடுகளுள் ஒன்றாகவும் வைத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் தீர்த்துக்கொள்ள முயன்றது. பிரிட்டனில் சாரணியர் அமைப்பு 2013ஆம் ஆண்டு கடவுளைக் குறிக்கும் தொடரை நீக்கி, தனக்கு உண்மையாக இருப்பதாகவும் தன் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வதாகவும் உறுதிகூறும் தொடரை வைத்தது. சாரணர் அமைப்போ பழைய உறுதிமொழியை விட்டுவிடாமல், நம்பிக்கையற்றோருக்கு மாற்று உறுதிமொழி ஒன்றை 2014ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் இந்த வழக்கு நீதிமன்றங்களில் நீண்டது. தனியார் அமைப்பு என்ற முறையில் தன் உறுப்பினர்களைத் தானே தெரிவு செய்யும் உரிமை தனக்கு உண்டு என்று வாதிட்ட அமெரிக்கச் சாரணர் அமைப்பு, கடவுள் மறுப்பாளர்களையும் தன்பாலீர்ப்பினரையும் விலக்கிவந்தது. தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக நீக்கப்பட்ட துணைச் சாரண ஆசிரியர் ஜேம்ஸ் டேல் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும் நீதிமன்றத்தில் வென்ற கொள்கை சமூகத்தில் நிலைக்கவில்லை. தன்பாலீர்ப்புடைய சிறுவர்களைச் சேர்க்க 2013ஆம் ஆண்டும், அத்தகைய பெரியவர்களைப் பொறுப்பில் ஏற்க 2015ஆம் ஆண்டும் அமைப்பு முடிவெடுத்தது. 2019ஆம் ஆண்டு முதன்மைப் பிரிவில் பெண்களும் சேர்ந்தனர். பெரும் ஆதரவாளராக விளங்கிய மார்மன் திருச்சபை அவ்வாண்டின் இறுதியோடு விலகிக்கொண்டது.

ஒழுக்கம் என்பதன் உண்மையான சோதனை வேறோர் இடத்தில் இருந்ததை 2020ஆம் ஆண்டு வெளிச்சமிட்டது. பாலியல் கொடுமை தொடர்பான வழக்குகளின் சுமையால் அமெரிக்க அமைப்பு திவால் மனு தாக்கல் செய்தபோது, 80,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக உரிமை கோரினர். இழப்பீட்டுக்கு ஏறத்தாழ 246 கோடி டாலர் நிதி ஒதுக்க வேண்டியதாயிற்று. இன்னார் ஒழுக்கமற்றோர் என்று ஒரு பிரிவினரை வாசலில் நிறுத்துவதால் உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. தமிழ்நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு: 2024ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தனியார் பள்ளி ஒன்றில் நடத்தப்பட்ட போலி என்.சி.சி. முகாமில் மாணவி பாலியல் வன்முறைக்கு உள்ளான வழக்கு, சீருடை அணிந்து வருபவர் யார், அவரை அனுப்பியது எந்த அமைப்பு என்று பள்ளிகள் சரிபார்க்க வேண்டியதன் தேவையை உணர்த்தியது.

தலைமையும் சார்பும்

உறுப்பினர் தகுதிக்கு நிகராகத் தலைமைத் தகுதியும் விவாதத்துக்குள்ளாகும் என்பதைத் தமிழகம் 2017ஆம் ஆண்டு கண்டது. தமிழ்நாடு பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தலைவர் பதவிக்குப் பாரதிய ஜனதா கட்சியின் தேசியச் செயலாளர்களில் ஒருவராக இருந்த எச். ராஜா போட்டியிட்டபோது, பள்ளிப் பிள்ளைகளின் அமைப்பில் கட்சி அரசியலும் சமயச் சார்பும் நுழைகின்றன என்று எதிர்க்கட்சிகள் கண்டித்தன. அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த தேர்தலில் பள்ளிக் கல்வித் துறையின் முன்னாள் அதிகாரியான பி. மணி 232 வாக்குகளும் ராஜா 52 வாக்குகளும் பெற்றனர். சார்புடைய தலைமை வேண்டாம் என்ற வாதம் எந்தக் கட்சிக்கும் எந்தச் சமயத்துக்கும் ஒரே அளவில் பொருந்தும்போதுதான் அது கொள்கையாகும். ஒருவருக்கு எதிராக மட்டும் எடுக்கப்படுமாயின் அதுவும் அரசியலே.

2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்தக் கேள்விகள் அனைத்தும் தமக்கே உரிய வடிவம் பெறுகின்றன. சமவெளியில் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கோ ஊர்த் தெய்வங்களும் வழிபாட்டு முறைகளும் தமக்கெனத் தனியே உண்டு. நூல்வழிச் சமயங்களை மட்டும் வரிசைப்படுத்தும் சர்வ சமயப் பிரார்த்தனையில் மலைவாழ் மாணவரின் தெய்வத்துக்கு எந்த இடம் என்பது இன்னும் பரவலாகக் கேட்கப்படாத கேள்வி. அதற்கும் முன்னே நிற்பது, பயிற்சி பெற்ற சாரண ஆசிரியர் இருக்கும் பள்ளியில்தான் படை அமையும் என்ற நடைமுறை. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள மலைப் பள்ளியின் மாணவர், எந்த விதியும் தடுக்காமலேயே, உறுதிமொழி கூறும் வாய்ப்பை இழந்துவிடுகிறார்.

இவற்றுக்கான தீர்வு உறுதிமொழியைக் கைவிடுவதில் இல்லை. கடவுள், தர்மம் ஆகியவற்றோடு மூன்றாவதாக மனச்சான்றுக்கும் இடமளிப்பது, வழிபாட்டில் பங்கேற்பதைப் பெற்றோரின் இசைவுக்கு விடுவது, முகாம் நடத்துவோரின் பின்னணியைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்குவது, மலைப் பள்ளிகளுக்கு முன்னுரிமை தந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பது என நான்கும் இன்றைய அமைப்புக்குள்ளேயே செய்யக்கூடியவை. நிறத்தின் பெயரால் விலக்கப்பட்ட இந்தியச் சிறுவர்களுக்காக அன்று தனி அமைப்பு கண்டவர்களின் வழிவந்த இயக்கம், நம்பிக்கையின் பெயராலோ தொலைவின் பெயராலோ இன்று எவரும் வெளியே நிற்க நேர்வதைத் தன் வரலாற்றோடு ஒவ்வாத ஒன்றாகவே கருத வேண்டும்.