தடைக்காலம் கடலுக்கு, கண்மாய் யாருக்கு?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் தளங்களில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கின்றன. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விதிக்கப்படும் தடை இது. 2001இல் 45 நாட்களாக இருந்தது, 2017இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983 இதற்கு அடிப்படை. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையிலான பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பதும் இதே சட்டத்தின் ஏற்பாடுதான்.

இந்தக் கட்டுப்பாடுகள் தேவையானவை. கடல் வெறுமையானால் முதலில் பட்டினி கிடப்பவர் நாட்டுப்படகுக்காரர். ஆயினும் தடைக்கால நிவாரணம் பதிவுபெற்ற மீனவக் குடும்பங்களுக்கே உரியது. ஐஸ் உடைத்தும் கூடை சுமந்தும் பிழைப்பவரின் பெயர் அப்பட்டியலில் இல்லையெனில், 61 நாட்களும் அவருக்குக் கூலியற்ற நாட்களே.

உள்நாட்டு நீர்நிலைகளின் நிலை வேறு. இந்திய மீன்வளச் சட்டம், 1897 வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன்பிடிப்பதைக் குற்றமாக்குகிறது. வலையின் கண்ணி அளவை வரையறுக்கவும், குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டாண்டுகள் வரை மீன்பிடிப்பை நிறுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் மீனின் வழியை மறிக்கும் அணைகளுக்கு இத்தகைய கண்டிப்பு இல்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின், கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனின் பாதை அடைபட்டது. நம் கண்மாய்களிலும் இதுவே சிறிய அளவில் நிகழ்கிறது. புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறும் மீனுக்கு வரத்துவாரியே வழி. அது ஆக்கிரமிக்கப்பட்டால் நீரோடு மீனும் நின்றுவிடுகிறது.

காக்கப்பட்ட மீன் யாருக்கு என்பதே அடுத்த கேள்வி. மீன்பாசி ஏலம் ஊராட்சியின் வருவாய். பல ஊர்களில் அது ஆதிக்க சாதியின் அதிகாரமும்கூட. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பின் பின்னால், மீன் குத்தகை உள்ளிட்ட பொதுவளங்கள் கைநழுவும் என்ற அச்சமும் இருந்தது. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. ஆறு, குளம் உள்ளிட்ட பொதுவளங்களைப் பட்டியல் சாதியினர் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன்படி குற்றம். ஏலத்தில் கேட்கவிடாமல் மிரட்டுவதும் இக்குற்றத்தில் அடங்கும் என்பதே நம் வாதம்.

ஆகவே, ஏல அறிவிப்பு தலித் குடியிருப்பிலும் ஒட்டப்பட வேண்டும். ஏலம் ஊர்ச் சாவடியில் அல்ல, அரசு அலுவலகத்தில் நடைபெற வேண்டும். உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தலித்துகளை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். கடந்த ஏலங்களின் விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுவதிலிருந்து நாம் தொடங்கலாம்.