போத்தலுக்குள் ஒரு காட்டுக்கொடி

எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலில் ஒரு கிச்சாப் போத்தல் இருந்தது. உள்ளே கிச்சாப் இல்லை. முக்கால் போத்தல் தண்ணீரும், பச்சையில் மஞ்சள் தெளித்தாற்போன்ற இலைகளுடன் ஒரு கொடியும் இருந்தன. இந்த மலரைப் புரட்டும் நண்பர்கள் பலரின் வீட்டிலும் அது இருக்கும். வாயால் சொல்லும்போது மணி பிளாண்ட்; எழுதும்போது பணச்செடி. மலாயில் இதனைத் 'தந்த நிற வெற்றிலை' என்னும் பொருளில் சிரே காடிங் என்பார்கள். திருடி வந்து வைத்தால்தான் பணம் சேரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் புளோக்கில் ஐந்தாம் மாடிச் செடிகளில் பாதி நான்காம் மாடியிலிருந்து போனவை. இரண்டு மாடியிலும் இன்னும் ஒருவர்கூடப் பணக்காரர் ஆகவில்லை.

எங்கள் கொடி திருடியதன்று, பாட்டியுடையது. 2011இல் நாங்கள் இருந்த தோட்டம் வீடமைப்புக்காகக் கைமாறியது. லயத்து வீட்டைக் காலி செய்து இந்த அடுக்குமாடிக்கு வந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மிக்கல்லை விட்டுவர ஒப்புக்கொண்ட பாட்டி, கொடியை விட்டுவர ஒப்பவில்லை. வாசல் மாமரத்தில் ஏறியிருந்த கொடியில் ஒரு சாண் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். மண்ணில்லாத வீட்டில் அதற்குக் கிடைத்த இடம் அந்தப் போத்தல். 2019இல் பாட்டி காலமானார். போத்தல் அப்படியே இருந்தது.

2023இல் தம்பிக்கு டிங்கிக் காய்ச்சல். ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தான். அந்த வாரமே அதிகாரிகள் எங்கள் புளோக்கை வீடு வீடாகச் சோதித்தார்கள். ஒருவர் போத்தலுக்குள் கைவிளக்கை அடித்து, என்னையும் பார்க்கச் சொன்னார். வேர்களுக்கிடையே நூல்துண்டு போல ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 வெள்ளி அபராதம். தம்பியைக் கடித்தது எங்கள் போத்தல் கொசுவா, அடுத்த புளோக்குக் கொசுவா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "அத தூக்கிக் குப்பையில போடு" என்றார். (பாட்டி அம்மாவுக்கு மாமியார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.) எனக்கு மனம் வரவில்லை. அன்றுதான் இந்தச் செடியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் தண்ணீர். நம் நாட்டு வெப்பத்தில் ஏடிஸ் கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். நாங்கள் தண்ணீரை மாற்றவே இல்லை; குறைந்தால் மேலே ஊற்றுவோம், அவ்வளவுதான். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது என்பது எனக்குப் புதிய செய்தி. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மீண்டும் தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். ஆகவே இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றும்போது போத்தலின் உட்புறத்தைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். வேரையும் குழாயடியில் அலச வேண்டும். விடுதி அறையில் போத்தலை வைத்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நண்பர்கள் இதைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, மண்ணுக்கே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். கொடியில் கணு இருக்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். கணுவில் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முளை துருத்திக்கொண்டிருக்கும், அதுதான் வேராகும். கணு இல்லாமல் இலையை மட்டும் நட்டால் கொடி வராது. தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு அறிவியலை மலாயில் படித்தவன் நான். 'கணு' என்ற சொல் பாடநூலிலிருந்து எனக்கு வரவில்லை. பொங்கலுக்குக் கரும்பு ஒடித்துத் தந்த பாட்டியிடமிருந்து வந்தது.

அடியில் ஓட்டையுள்ள தொட்டி வேண்டும். நான் பழைய மைலோ டின்னில் ஆணியால் ஐந்து ஓட்டை போட்டேன். தோட்ட மண்ணோடு தேங்காய் மட்டைத் தூளையும் கொஞ்சம் மணலையும் கலந்தேன். விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். தினமும் ஊற்றுவது அன்பன்று. வேர் அழுகி, இலைகள் வரிசையாக மஞ்சளாகும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். கொசுவுக்கு அதுவும் போத்தல்தான்.

இலையின் வண்ணம் வெளிச்சத்தைப் பொறுத்தது. மஞ்சளும் வெள்ளையுமான பகுதிகளில் பச்சையம் மிகக் குறைவு. அங்கே உணவு தயாராவதில்லை. இருட்டு மூலையில் வைத்தால் செடி தன் பிழைப்பைப் பார்க்கிறது. புது இலைகள் பச்சையாகவே வருகின்றன. சன்னலோர வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் திரும்புகிறது. நேரடி நண்பகல் வெயில் மட்டும் ஆகாது, இலை தீய்ந்துவிடும். ஆங்கிலப் புத்தகங்கள் குளிர்காலத்தில் இச்செடியை எப்படிக் காப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. நமக்கு அந்தக் கவலை இல்லை. குளிர்சாதனக் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று. பழைய தோட்டம் இருந்த பக்கம் சென்ற ஆண்டு போயிருந்தேன். சாலையோரம் தப்பிப் பிழைத்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கொடி உச்சிவரை ஏறியிருந்தது. இலை ஒவ்வொன்றும் முறம் அளவு. ஓரங்கள் கிழிந்து வாழையிலை போலத் தொங்கின. அதே பணச்செடிதான்! பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பொலினீசியாவின் மோரேயா தீவு அதன் தாயகம். அங்கே அது மரமேறும் காட்டுக்கொடி. ஏறுவதற்குப் பிடி கிடைத்தால்தான் அதன் இலைகள் பெருக்கும். கீழ்நோக்கித் தொங்கவிட்டால் சிறுத்துக்கொண்டே போகும். போத்தலில் நாம் பார்ப்பது எத்தனை ஆண்டானாலும் வளராத அதன் பிள்ளைப்பருவம்.

பூவும் அப்படித்தான், இது பூத்துப் பார்த்தவர் மிக அரிது. கிப்பரெல்லின் என்னும் வளர்ச்சிப்பொருள் இதில் போதிய அளவு உருவாவதில்லை என்றும், அதைத் தெளித்தால் பூக்கிறது என்றும் 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூவும் விதையும் இல்லாததால் கை மாற்றிக் கை மாற்றித்தான் உலகம் முழுதும் பரவியிருக்கிறது. அதாவது, பாட்டி வெட்டி வந்தது மாமரத்துக் கொடியின் பிள்ளையன்று, அந்தக் கொடியேதான்.

காற்றைத் தூய்மையாக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். 1989இல் நாசா மூடிய பெட்டிகளுக்குள் செய்த சோதனையிலிருந்து வந்த பேச்சு அது. 2019இல் வெளியான ஒரு மறுஆய்வின் கணக்குப்படி, சன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும். நாம் படுப்பது எங்கே? இன்னொன்று: இது சேம்பின் குடும்பம். கருணைக்கிழங்கு நாக்கில் அரிப்பதற்குக் காரணமான ஊசிப் படிகங்கள் இதன் இலையிலும் உண்டு. கைக்குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

என் கொடிக்கு ஒரு பிவிசி குழாயில் தேங்காய் நாரைச் சுற்றிக் கட்டி, டின் நடுவே நட்டிருக்கிறேன். நார் காயாமல் தண்ணீர் தெளித்தால் கணுவேர்கள் பற்றிக்கொள்கின்றன. சென்ற மாதம் அளந்தேன். அடியில் இருக்கும் இலை 9 சென்டிமீட்டர். உச்சியில் இருப்பது 21. அம்மா இப்போது அதற்குத் தண்ணீர் தெளிக்கிறார். ஆனால் என்னிடம் சொல்வதில்லை, நார் ஈரமாக இருப்பதை வைத்து நானே தெரிந்துகொள்கிறேன். குழாயின் உயரத்தைத் தாண்டிவிட்டதால் வெட்ட வேண்டியிருக்கிறது. கணுவோடு ஒரு துண்டு வேண்டுபவர்கள் கேளுங்கள், தருகிறேன். திருட வேண்டாம்.