மலைநாட்டு வீதியும் மோட்டார் வானும்

மத்திய மலைநாட்டின் பொருளியல் வரலாறு ஒருவகையிற் சுமையின் வரலாறேயாகும். தலைச்சுமையாகவும் மாட்டுவண்டியிலும் கோப்பி இறங்கிய மலைகளிலே புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற ஒடுங்கிய புகையிரதப் பாதையோ, மோட்டார் வண்டியின் போட்டிக்கு ஆற்றாது 1940களில் மூடப்பட்டது. இன்று புகையிரதம் எட்டாத தோட்டங்களுக்கு வீதியே துணையாகும். கொழுந்தை லொறி சுமக்க, பாடசாலைப் பிள்ளைகளையும் நோயாளரையும் மரக்கறியையும் பெரும்பாலும் வான் சுமக்கின்றது.

சரக்கேற்றும் மோட்டார் வானை ஜேர்மனியிற் பென்ஸ் நிறுவனம் 1896இல் அமைத்தது. 1950இல் வொக்ஸ்வாகன், 1965இல் போர்ட், 1967இல் டொயோட்டா ஹையேஸ் எனப் பிற்காலத்து வான்கள் தோன்றின. ஹையேஸின் ஒரு வடிவத்தையே நம்மவர் ‘டொல்பின்’ என்பர். லொறியிற் பாரத்தைத் தாங்குவது அடிச்சட்டம். இவ்வானிலோ உடற்கூடே பாரத்தைத் தாங்குகின்றது. இயந்திரம் முன்னாசனத்தின் கீழ் அடங்குவதால், நீளத்தின் பெரும்பகுதி சுமைக்குக் கிடைக்கின்றது.

டீசல் இயந்திரத்தின் உருளையிலே முசலம் காற்றை அமுக்க, அவ்வெப்பத்தில் எரிபொருள் தானே தீப்பற்றுகின்றது. அவ்வாற்றல் கிளச், கியர்ப்பெட்டி, சுழல்தண்டு வழியாகப் பின்னச்சை அடைகின்றது. வளைவிலே வெளிச்சில்லு கூடிய தூரம் ஓடவேண்டியிருப்பதால், இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்திற் சுழலவிடும் பற்சில்லுத் தொகுதியொன்று அங்கே உண்டு. இவை யாவும் ஏறுவதற்குரியவை. மலைநாட்டில் உயிரைக் காப்பனவோ இறங்குவதற்குரியவையாம்.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. 2,500 கிலோகிராம் திணிவுள்ள வானொன்று இந்த 600 மீற்றரை இறங்கும்போது ஏறத்தாழ 147 இலட்சம் யூல் சக்தி வெளிப்படும். 20 பாகை வெப்பமுள்ள 44 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொணர அது போதும். காற்றும் ரயரின் உராய்வும் அதில் ஒரு பகுதியைக் கொள்ளும். எஞ்சியதை ஏற்கவேண்டியவை பிறேக்கும் இயந்திரமுமே.

பிறேக்கை இடைவிடாது மிதித்து இறங்கினால் அதன் உராய்வுப் பட்டை சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை தாழும். எண்ணெய் கொதித்து ஆவியானால், திரவத்தைப்போலன்றி ஆவி அமுங்கக்கூடியதாதலின், மிதிகட்டை வீணே தாழுமன்றி வண்டி நில்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அவ்வெண்ணெயை மாற்றுதல் பொதுவான விதி. தாழ்ந்த கியரில் இறங்கினாலோ, இயந்திரத்தின் உள்ளுராய்வும் அமுக்கமும் சில்லுகளைத் தடுத்து வேகத்தை அடக்கும். பிறேக்கும் ஆறுதற்கு இடம்பெறும். லொறிகள் பலவற்றிற் புகைப்போக்கை அடைத்து இத்தடையை மிகுவிக்கும் கருவியும் உண்டு.

எரிபொருளை மிச்சம்பிடிப்பதாக எண்ணிக் கியரை விடுவித்து இறங்குவோர் உளர். இது பிழையான கணக்கு. கியரிலிருந்தபடி முடுக்கியை விட்டு இறங்கும்போது, இக்கால இயந்திரங்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடும். கியரை விடுவித்தாலோ இயந்திரம் சும்மா ஓடுவதற்கே எரிபொருள் செலவாகும். இயந்திரத்தை அணைத்துவிடுதல் இன்னும் கொடிது. பிறேக்குக்கு உதவும் வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பியை ஓட்டுவது இயந்திரமே. அஃது ஓய்ந்தபின் சிலமுறை மிதித்த அளவில் அவ்வுதவி தீர்ந்து, மிதிகட்டை கல்லென இறுகும்.

2023 ஜனவரி 20இல் நானுஓயாவை அடுத்த ராதெல்ல வீதியிற் பேருந்தும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி எழுவர் மாண்டனர். மலைவீதியில் ஒரு வண்டியின் பாதுகாப்பு எதிரே வருவோரின் பாதுகாப்புமாம் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டபின், பழைய வான்களே ஆண்டுக்கணக்காக ஓடவேண்டியதாயிற்று. உதிரிப்பாகத்தின் விலையை அஞ்சிப் பிறேக் பட்டையை மாற்றாது நாள் கடத்துவது, சில ஆயிரம் ரூபாவுக்கு ஒரு வண்டி நிறைந்த பிள்ளைகளைப் பணயம் வைப்பதாகும். வானின் ஆற்றலை ஏற்றத்திற் காணலாம்; சாரதியின் அறிவையோ இறக்கத்திலேதான் காணல் வேண்டும்.