நடுங்கும் இருதயமும் மறைந்த அலையும்

இருதயத்தின் மேலறைகள் சுருங்குமுன் ஒரு சிறு மின்னலை எழும். கீழறைகள் சுருங்குமுன் அதனினும் பன்மடங்கு பெரிய அலையொன்று எழும். சிறியதைப் 'பி' என்றும், பெரியதன் சிகரத்தை 'ஆர்' என்றும் குறித்தவர் ஹாலந்து தேசத்து லைடன் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஐண்ட்ஹோவன். இவ்வலைகளைக் காட்டும் இருதய மின்வரைபடத்தின் இயங்குமுறையைக் கண்டறிந்தமைக்காக அவர் 1924-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் வியாதியில் மேலறைகள் சுருங்குவதில்லை. நிமிஷத்திற்கு 300 முதல் 600 முறை வரை நடுங்குகின்றன. 'பி' அலை மறைய, அதனிடத்தில் ஒழுங்கற்ற சிற்றலைகள் தோன்றும். கீழறைகளோ தாளந் தப்பித் துடிக்கும். நோயாளி சிலபோது யாதொன்றும் உணரார். ஆயினும் மேலறையில் தேங்கிய இரத்தம் உறைந்து, மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்துப் பக்கவாதம் விளைத்தல் கூடும்.

கணிப்பொறி இதனைக் கண்டறிவது எங்ஙனம்? விநாடிக்குச் சில நூறு முறை அளந்த எண்களே அதன் முன் உள்ளன. உயர்ந்த 'ஆர்' சிகரங்களைத் தேர்ந்து, அவற்றின் இடைவெளிகளை ஒப்பிடுதல் எளிது. ஆனால் முந்தித் துடிக்கும் துடிப்புகளாலும் தாளம் தப்புமாதலின், இஃதொன்றே சான்றாகாது. மேலறையின் சிற்றலையையும் காணல் வேண்டும். அதுவோ பேரலையின் கீழ்ப் புதைந்து கிடக்கின்றது.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட உபாயம் நமக்குப் பெருவியப்பளிப்பது. பல துடிப்புகளை 'ஆர்' சிகரம் ஒன்றன்மேலொன்று பொருந்துமாறு அடுக்கிச் சராசரி காண்பர். நடுக்க அலை 'ஆர்' சிகரத்திற்குக் கட்டுப்படாதது. ஆதலின் ஒரு துடிப்பில் மேடாய் நின்றவிடத்தில் மற்றொன்றில் பள்ளமாய் நின்று, சராசரியில் தானே தேய்ந்தொழியும். எஞ்சுவது கீழறையின் வடிவமே. அதனை ஒவ்வொரு துடிப்பினின்றும் கழித்தால், மறைந்திருந்த நடுக்கம் வெளிப்படும்! ஆரோக்கியமான இருதயத்திலோ, 'பி' அலை 'ஆர்' சிகரத்தோடு இணைபிரியாது வருதலின், அதுவும் சராசரியிற் சேர்ந்து கழிந்துவிட, மிச்சம் அற்பமே.

மிஞ்சியதைப் பிரெஞ்சுக் கணித வித்வான் ஃபூரியேயின் முறைப்படி பகுத்தால், வியாதியுள்ளவிடத்துப் பெரும்பாலும் விநாடிக்கு 5 முதல் 9 வரையுள்ள அதிர்வொன்று மேலோங்கி நிற்கும்.

எனினும், இடையே வேற்றுருவமுடைய துடிப்பொன்று வருமாயின், பொதுச் சராசரி அதற்குப் பொருந்தாது. கழித்தபின் மிஞ்சும் துண்டு மேலறை நடுக்கம்போலவே மயக்கும். ஆகையால் அத்தகைய துடிப்புகளைப் பிரித்து, அவற்றிற்கெனத் தனிச் சராசரி காண்பர். அவை மிகச் சிலவாயின் கணக்கினின்றே விலக்கிவிடுவர்.