40 கம்ப்யூட்டர், ஒரே மென்பொருள்: ஏன் இன்ஸ்டால் ஆகலை?



படிப்பு முடிச்சு ஒரு ஆபீஸ்ல சிஸ்டம் அட்மின் டீம்ல சேர்ந்திருக்கீங்கன்னு வச்சுக்குவோம். "40 கம்ப்யூட்டர்லயும் இந்த சாஃப்ட்வேரைப் போட்டுடுங்க. திங்கட்கிழமை காலைல எல்லாரும் வேலையை ஆரம்பிக்கணும்" என்று மேனேஜர் சொல்லிட்டுப் போயிடுறார். ஒவ்வொரு சீட்டாப் போய் பென்டிரைவ் சொருகணுமா? வேண்டாம்.

விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இதற்கு ஒரு வழி உண்டு: ஆக்டிவ் டைரக்டரியின் குரூப் பாலிசி. மென்பொருளின் எம்.எஸ்.ஐ. ஃபைலை சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் வைத்து, "இந்தக் கம்ப்யூட்டர்களில் இதைப் போடு" என்று ஒரு பாலிசி எழுதிவிட்டால் போதும். அடுத்த முறை ஆன் ஆகும்போது தானாகவே இன்ஸ்டால் ஆகிவிடும்.

ஆகணும். ஆனா திங்கட்கிழமை வந்து பார்த்தா பாதி கம்ப்யூட்டரில் ஒண்ணுமே இல்லை. நீங்க லாகின் பண்ணி டபுள் கிளிக் செய்தா மட்டும் அழகா இன்ஸ்டால் ஆகுது!

இந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்க: இன்ஸ்டால் பண்றது யாரு?

நீங்க இல்லை. யாரும் பாஸ்வேர்டு போடுவதற்கு முன்னாடியே, கம்ப்யூட்டர் தன்னுடைய சொந்தக் கணக்கில் சர்வரிடம் போய் ஃபைலைக் கேட்கிறது. இதைப் பிடிச்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்தது. இனி வரிசையாகப் பார்ப்போம்.

1. பாலிசி வந்து சேர்ந்ததா? கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'ஜிபிரிசல்ட்' கட்டளையை ஓட்டுங்க. கம்ப்யூட்டர் பகுதியில் உங்க பாலிசியின் பெயர் இல்லையென்றால், அந்தக் கம்ப்யூட்டர் வேறு ஓ.யூ.வில் இருக்கலாம். ஊழியர்களின் கணக்குகள் மட்டும் இருக்கும் ஓ.யூ.வில் பாலிசியை இணைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் வரும் என்று காத்திருப்பது ரொம்ப சகஜமான தவறு.

2. பாதை சரியா? பாலிசியில் 'சி டிரைவ்' என்று கொடுத்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னுடைய சி டிரைவில்தான் தேடும். மேப் செய்த 'இசட் டிரைவ்' லாகினுக்கு அப்புறம்தான் வரும். ஆகவே, \\சர்வர்பெயர்\ஷேர்பெயர் என்ற வடிவில்தான் பாதை இருக்கணும்.

3. அனுமதி இருக்கா? ஃபோல்டர் உங்களுக்குத் திறக்கும், கம்ப்யூட்டருக்குத் திறக்குமா? 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்குப் படிக்கும் அனுமதி வேணும். ஷேர், என்.டி.எஃப்.எஸ். இரண்டிலும் கொடுங்க. ஒன்றில் மறந்தாலும் கதவு மூடித்தான் இருக்கும். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் லாகில் 1612 என்ற எண் தெரிந்தால், ஃபைல் இருக்கும் இடத்தை அடைய முடியவில்லை என்று அர்த்தம். முதலில் 2, 3-ஐத்தான் பார்க்கணும்.

4. நெட்வொர்க் தயாரா? எக்ஸ்.பி. முதல் விண்டோஸ், சீக்கிரம் திறக்கணும் என்பதற்காக நெட்வொர்க்குக்குக் காத்திருக்காமலே லாகின் திரையைக் காட்டிவிடும். "நெட்வொர்க் வரும்வரை எப்போதும் காத்திரு" என்ற பாலிசியை எனேபிள் பண்ணுங்க. அப்புறம் ரீஸ்டார்ட் கட்டாயம். இந்த இன்ஸ்டலேஷன் ஆன் ஆகும் நேரத்தில் மட்டுமே நடப்பதால், 'ஜிபிஅப்டேட்' மட்டும் கொடுத்துட்டு உட்கார்ந்தா ஒண்ணும் நடக்காது.

5. எல்லாம் சரி, ஆனாலும் 1603 வருதா? அது காரணம் இல்லை. "தோல்வி" என்ற பொதுவான அறிவிப்புதான். 'எம்எஸ்ஐஎக்ஸெக்' கட்டளையை முழு லாக் எழுதும்படி ஓட்டி, அந்த லாகில் "ரிட்டர்ன் வேல்யூ 3" என்று தேடுங்க. உண்மையான காரணம் பெரும்பாலும் அதற்குச் சில வரிகள் மேலே இருக்கும்.

கடைசியா ஒண்ணு. 40 கம்ப்யூட்டருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீங்க. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. அவற்றில் பலவற்றை ஆட்கள் நேரில் போய்க் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. தானாகப் பரவும் வசதி, தவறையும் அதே வேகத்தில் பரப்பும்.

அதனால் சோதனைக்கு ஒரு ஓ.யூ. உருவாக்கி, முதலில் இரண்டே இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்க. அதில் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும்!